இன்னும் மெதுவா அடிக்கணுமாண்ணே?

என் வீட்டில் டிரம்ஸ் வாசித்துப் பதிவு செய்ய வந்த பையன் கேட்டது அவ்வளவுதான். குச்சி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தபடி கேட்டான். குரலில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. நான் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் "ஆமாப்பா, இன்னும் கொஞ்சம்" என்றேன். அதற்கு முன் நான்கு முறை முழுப்பாட்டையும் வாசித்திருந்தான். நான்கு முறையும் ஸ்னேர் (அடியில் கம்பிகள் கட்டிய டிரம்) விழுந்த இடமெல்லாம், ஒலி அளவு மீறி உடைவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்தாவது முறை கையை அடக்கி வாசித்தான். சிவப்பு எரியவில்லை, ஒரு இடத்திலும் ஒலி உடையவில்லை. இரவு தனியாக உட்கார்ந்து கேட்டபோது அந்தப் பாட்டு செத்துக் கிடந்தது.

மெதுவாக அடித்த ஸ்னேர், ஓங்கி அடித்த ஸ்னேரின் சத்தம் குறைந்த நகல் கிடையாது. ஓங்கி அடிக்கும்போது தோல் ஒரு கணம் கூடுதலாக இழுபட்டு, சுருதி கொஞ்சம் ஏறி, பிறகு இறங்குகிறது. அடியில் இருக்கும் கம்பிகள் துள்ளும் விதம் மாறுகிறது. குச்சி விளிம்பையும் சேர்த்துத் தொடும்போது வரும் அந்த வெடிப்பு, மெதுவாக அடிக்கும் கையில் வரவே வராது. சத்தத்தைப் பிறகு மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். அடித்த கையின் தைரியத்தை ஏற்ற முடியாது. ஒரு பெட்டியின் வசதிக்காக நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவனின் கையை நான் கட்டிப் போட்டேன். பல வாரங்கள் இந்த நினைப்பு என்னை விடவில்லை. வீட்டில் டிரம்ஸ் பதிவு செய்ய, மைக் ஒலியைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப் எதை வாங்குவது என்று நான் உண்மையில் யோசிக்கத் தொடங்கியது அந்த இரவில்தான். அதற்கு முன் ஓராண்டாக அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன் என்றாலும், யோசித்ததாகச் சொல்ல மாட்டேன்.

படித்ததெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடின. இந்த ப்ரீஆம்ப் இரைச்சல் இல்லாதது, அது கதகதப்பானது, இன்னொன்று கண்ணாடி மாதிரி. விலை ஏற ஏற ஒலி தெளியும், மலிவான எட்டு சேனல் (ஒரு மைக்குக்கு ஒரு சேனல்) பெட்டியை நம்பி டிரம்ஸில் இறங்காதே, அதற்குப் பதில் நல்லதாக இரண்டு சேனல் வாங்கு. நானும் அதை நம்பி, மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு மைக் உள்ளீடு கொண்ட நல்ல இன்டர்ஃபேஸ் ஒன்றை வைத்திருந்தேன். ஒரு மைக்கை கிக்கின் (காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்) முன்னால் வைத்தேன். குரலுக்காக வாங்கிய, மின்சாரம் கொடுத்து இயக்கும் பெரிய கண்டென்சர் மைக்கை ஸ்னேருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், டாம்களையும் (மற்ற டிரம்கள்) சிம்பல்களையும் (உலோகத் தட்டுகள்) சேர்த்துப் பிடிக்கட்டும் என்று தொங்கவிட்டேன். இருக்கிற இரண்டு சேனலில் முழு டிரம்ஸையும் அடக்க வேறு வழி அப்போது எனக்குத் தெரியவில்லை.

இடது ஓரத்தில் நின்ற குமிழ்

பதிவு நடந்த அன்று ஞாபகத்துக்காகச் சில படங்கள் எடுத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து அவற்றைப் புரட்டியபோது ஒரு படத்தில் இன்டர்ஃபேஸின் முகப்பு தெளிவாகத் தெரிந்தது. ஸ்னேர் மைக்கின் கெயின் குமிழ், அதாவது பெரிதாக்கும் அளவை மாற்றும் குமிழ், முழுக்க முழுக்க இடது ஓரத்தில் நின்றது. அதற்குமேல் குறைக்க இடமே இல்லை. பதிவின்போது நானே திருகி அங்கே கொண்டுபோயிருக்கிறேன், ஆனால் அதன் பொருள் என்ன என்று அந்த நேரத்தில் நின்று யோசிக்கவில்லை. ப்ரீஆம்ப் என்பது மைக்கிலிருந்து வரும் சின்ன சமிக்ஞையைப் பெரிதாக்கும் கருவி. அந்தப் பெரிதாக்கலைக் கடைசி எல்லை வரை குறைத்தும் சமிக்ஞை உடைகிறது என்றால், கருவிக்குள் நுழையும்போதே அது கருவி தாங்குவதைவிடப் பெரிதாக இருக்கிறது. நான் ஓராண்டாகப் படித்த இரைச்சல், கதகதப்பு, கண்ணாடி எதற்கும் இந்தப் பிரச்சினையோடு தொடர்பே இல்லை.

அன்று ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஷூர் எஸ்எம்57 என்ற மைக்கை எடுத்துக்கொள்வோம். ஸ்னேர் என்றதும் பலருக்கும் கை போகும் மைக் அது. 94 டெசிபல் ஒலியழுத்தத்தில் அது தருவது ஏறத்தாழ 1.6 மில்லிவோல்ட் என்று அதன் விவரத்தாள் சொல்கிறது. ஒருவர் ஓரடி தள்ளி உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினால் மைக்கை வந்தடைவது 64 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 94ஐ விட 30 டெசிபல் குறைவு, அதாவது மின்னழுத்தத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு: 0.05 மில்லிவோல்ட். அதே மைக்கை ஸ்னேர் தோலிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து ஓங்கி ஒரு அடி. உச்சத்தில் 134 டெசிபல் என்பது அங்கே பெரிய விஷயமே இல்லை. 94க்கு மேல் 40 டெசிபல் என்றால் நூறு மடங்கு: 160 மில்லிவோல்ட். பேச்சுக்கும் அடிக்கும் இடையே மூவாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டும் ஒரே மைக், ஒரே கேபிள், ஒரே உள்ளீடு.

இப்போது நான் தொங்கவிட்ட கண்டென்சர். இந்த வகை மைக்குகள் 94 டெசிபலில் 20 மில்லிவோல்ட் வரை தருவது சாதாரணம். அதே 134 டெசிபல் அடிக்கு நூறு மடங்கு என்றால் 2 வோல்ட். என் இன்டர்ஃபேஸின் மைக் உள்ளீடு, குறைந்தபட்ச கெயினில் தாங்கும் அளவு +6 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அலகு) என்று அதன் விவரத்தாளில் ஒரு மூலையில் இருந்தது. அது ஏறத்தாழ ஒன்றரை வோல்ட். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அந்தப் பையன் எப்படி அடித்திருந்தாலும், ஓங்கி அடித்தால் உடையும் என்பது நான் மைக்கைத் தொங்கவிட்ட கணத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம். சில கண்டென்சர் மைக்குகள் அந்த அழுத்தத்தில் தமக்குள்ளேயே உடைந்துவிடும்; அப்படி நடந்தால் ப்ரீஆம்பில் என்ன செய்தும் பயனில்லை, மைக்கிலேயே இருக்கும், சமிக்ஞையைக் குறைக்கும் பேட் சுவிட்சைத்தான் போட வேண்டும்.

கேபிளுக்கு நடுவே செருகும் 20 டெசிபல் பேட் ஒன்று உண்டு. விரல் நீளக் குழாய், உள்ளே சில மின்தடைகள், அவ்வளவுதான். சமிக்ஞையைப் பத்தில் ஒரு பங்காக்கிவிடும். அன்று என்னிடம் அது ஒன்று இருந்திருந்தால் முதல் வாசிப்பே பதிவாகியிருக்கும். (வாங்குபவர்கள் கவனிக்க: சில பேட்கள், கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் ஃபான்டம் மின்சாரத்தைக் கடத்தாது. கண்டென்சர் மைக்குக்கு வேண்டுமானால் அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.) ஆனால் பேட் என் முதல் தவறைத்தான் சரி செய்திருக்கும். இரண்டாவது தவறு அப்படியே இருந்திருக்கும். சேனல் போதாத காரணத்தால்தான் குரல் மைக் ஒன்றை ஸ்னேரின் தலைமேல் தொங்கவிட்டேன். எட்டு சேனல் இருந்திருந்தால் அந்த இடத்தில் எஸ்எம்57 மாதிரி, மின்சாரம் தேவைப்படாத சாதாரண டைனமிக் மைக் ஒன்று நின்றிருக்கும். 2 வோல்ட் வந்த இடத்தில் 160 மில்லிவோல்ட் வந்திருக்கும்.

இரைச்சல் பற்றிய என் பயம்

மலிவான எட்டு சேனல் ப்ரீஆம்ப் என்றதும் எல்லோரும் முதலில் காட்டும் பூச்சாண்டி இரைச்சல். அதையும் தாளில் போட்டுப் பார்த்தேன். ப்ரீஆம்ப் உள்ளீட்டு இரைச்சலை −128 டிபியு, −125 டிபியு என்றெல்லாம் போடுவார்கள். 150 ஓம் மின்தடை ஒன்று சும்மா அறை வெப்பத்தில் இருந்தாலே, 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், ஏறத்தாழ 0.22 மைக்ரோவோல்ட் இரைச்சலை உண்டாக்கும். அது −131 டிபியு. எவ்வளவு செலவழித்தாலும் மைக்கின் இந்த அடிமட்டத்துக்குக் கீழே யாரும் இறங்க முடியாது. −128 என்பது 0.3 மைக்ரோவோல்ட். −122 என்று வைத்தால்கூட, இந்தக் காலத்துப் பெட்டிக்கு அது மோசமான எண், 0.6 மைக்ரோவோல்ட். தணிந்த குரலில் வரும் 50 மைக்ரோவோல்ட்டுக்குப் பக்கத்தில் 0.3க்கும் 0.6க்கும் உள்ள வேறுபாடு காதில் விழும். கதை சொல்லிப் பதிவு செய்பவர்கள் அதற்காகப் பணம் செலவழிப்பது முற்றிலும் நியாயம். ஸ்னேர் தருவது 160 மில்லிவோல்ட், அதாவது 1,60,000 மைக்ரோவோல்ட். அதன் பக்கத்தில் 0.6 என்ன, 6 என்ன?

இந்த எண்ணை அதிகபட்ச கெயினில் அளந்துதான் போடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கெயினைக் குறைத்தால் உள்ளீட்டோடு ஒப்பிடும்போது இரைச்சல் கூடும். அப்படிக் கூடினாலும் டிரம்ஸ் வாசிக்கும் அறையில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கிக்கை மிதிக்கும்போது ஸ்னேர் கம்பி தானாக அதிரும், முக்காலி கிறீச்சிடும், பெடலின் சுருள்வில் முனகும், வாசிப்பவன் மூச்சு விடுவான். இவையெல்லாம் ப்ரீஆம்ப் இரைச்சலுக்கு எவ்வளவோ மேலே நிற்பவை. விதிவிலக்கு ஒன்று உண்டு: அறையின் மூலையில் ஒரு ரிப்பன் மைக்கை (மெல்லிய உலோக நாடா அதிர்ந்து ஒலி பிடிப்பது) வைத்து, பிரஷ் கொண்டு மென்மையாக வாசிப்பதைப் பதிவு செய்து, பிறகு சத்த வேறுபாட்டைக் குறைக்கும் கம்ப்ரஸரில் போட்டுப் பிழிந்து எடுப்பவர்களுக்கு நல்ல ப்ரீஆம்ப் வேண்டும். நான் செய்யும் வேலை அது இல்லை.

ஆகவே விவரத்தாளை வாசிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் தேடுவது குறைந்தபட்ச கெயினில் மைக் உள்ளீடு தாங்கும் அதிகபட்ச அளவு. அடுத்து ஒவ்வொரு சேனலிலும் பேட் உண்டா என்பது. பேட் இல்லாத பெட்டியும் உள்ளீட்டு அளவு தாராளமாக இருந்தால் போதும். +6 டிபியு என்று இருந்தால் எனக்குத் தயக்கம், +15க்கு மேல் என்றால் நிம்மதி. அதிகபட்ச கெயின் 55 டெசிபலா 65 டெசிபலா என்பதை இப்போது பார்ப்பதே இல்லை. என் ஸ்னேர் மைக்குக்கு நான் கொடுப்பது 20 டெசிபலுக்குச் சற்று மேல், கிக்குக்கு அதைவிடக் குறைவு.

பழைய நாடாவின் கேபிள்

எட்டு சேனலுக்குப் பல வழிகள் உண்டு. எட்டு மைக் உள்ளீடும் தன்னிலேயே கொண்ட யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் வாங்கலாம். ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகக் கணினிக்கு அனுப்பும் டிஜிட்டல் மிக்ஸர் வாங்கலாம். மேடையிலும் வாசிக்கும் குழுவுக்கு அதுவே சிறந்தது என்று நினைக்கிறேன், ஒரே பெட்டி இரண்டு வேலையையும் பார்த்துவிடும். வாங்கும்போது ஒன்று மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்: சில மிக்ஸர்கள் கலந்து முடித்த ஸ்டீரியோவை மட்டும்தான் யுஎஸ்பியில் அனுப்பும். மூன்றாவது வழி, ஏற்கெனவே உள்ள இன்டர்ஃபேஸில் ஆடாட் என்ற ஒளிவழி உள்ளீடு இருந்தால், எட்டு சேனல் ப்ரீஆம்ப் பெட்டி ஒன்றை ஒரே கேபிளில் அதனோடு இணைப்பது. பெஹ்ரிங்கர் ஏடிஏ8200, ஃபோகஸ்ரைட் ஆக்டோப்ரீ, ஆடியன்ட் ஏஎஸ்பி800, பழைய ப்ரீசோனஸ் டிஜிமேக்ஸ் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. நான் எடுத்தது மூன்றாவது வழி. எனக்கு இதில் ஒரு பற்றும் இருக்கிறது. ஆடாட் என்பது 1990களின் தொடக்கத்தில் அலெசிஸ் நிறுவனம் கொண்டுவந்த பதிவுக் கருவி. எஸ்-விஎச்எஸ் வீடியோ நாடாவில் எட்டு டிராக் டிஜிட்டல் பதிவு செய்யும். பெரிய ஸ்டுடியோவுக்குப் போக வசதியில்லாதவர்கள் கையில் பல டிராக் பதிவைக் கொடுத்த கருவிகளில் அதற்கு முக்கிய இடம் உண்டு. அந்த நாடாவை இன்று யாரும் தொடுவதில்லை. இரண்டு கருவிகளுக்கு நடுவே ஓடிய அந்த ஒளிக்கேபிளின் மொழி மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நடுவில் எத்தனையோ கணினி இணைப்புகள் வந்து போய்விட்டன. டிரைவர் கிடைக்காமல் மூலையில் கிடக்கும் ஃபயர்வயர் பெட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆடாட் பெட்டிக்கு டிரைவரே தேவையில்லை. பழைய பெட்டி என்று பயப்படாமல் வாங்கலாம்.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. எஸ்பிடிஐஎஃப் என்ற ஸ்டீரியோ ஒளி இணைப்பும் இதே வடிவத் துளையைத்தான் பயன்படுத்துகிறது. இன்டர்ஃபேஸின் பின்னால் அந்தச் சதுரத் துளையைப் பார்த்ததும் ஆடாட் என்று நம்பி எட்டு சேனல் பெட்டியை வாங்கி வந்துவிட்டால், இரண்டு சேனலுக்கு மேல் கிடைக்காது, பெரும்பாலும் அதுவும் கிடைக்காது. இரண்டாவது, எட்டு சேனல் என்பது, ஒலியை நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளக்கும் 44.1, 48 கிலோஹெர்ட்ஸுக்குத்தான். 96க்குப் போனால் ஒரு கேபிளில் நான்கு சேனலாகச் சுருங்கிவிடும். எட்டும் வேண்டுமானால் இரண்டு கேபிள், இரண்டு பக்கமும் இரண்டு துளை வேண்டும். நான் 48இல் நின்றுகொண்டேன், குறை ஏதும் தெரியவில்லை.

ஃபான்டம் சுவிட்ச் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலிவான பெட்டிகளில் எட்டு சேனலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் இருக்கும், அல்லது நான்கு நான்காக இரண்டு. கேபிள் சரியாக இருந்தால் டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட்டால் தீங்கில்லை. ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். கேபிளில் ஒரு கம்பி அறுந்திருந்தாலோ, ஃபான்டம் ஓடும்போதே செருகினாலோ அதன் மெல்லிய நாடா போய்விடலாம்.

டிக், டிக்

பெட்டி வந்த முதல் வாரம் எனக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது. இணைத்தேன், எட்டு சேனலும் தெரிந்தன, சோதனைக்காக நானே உட்கார்ந்து கொஞ்சம் தட்டினேன். கேட்டுப் பார்த்தால் பதிவில் அங்கங்கே மெல்லிய 'டிக்' சத்தம். குச்சிகள் உரசுகின்றன என்று நினைத்தேன். ஹை-ஹாட்டின் (மிதித்து மூடும் ஜோடி சிம்பல்) கிளட்ச் தளர்ந்திருக்கிறது என்று முறுக்கினேன். முக்காலியை மாற்றினேன். கேபிள்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். இரண்டு மாலைகள் இப்படிப் போயின. கடைசியில் யாரும் எதையும் தொடாமல் வெறும் அறையை ஐந்து நிமிடம் பதிவு செய்தேன். அதிலும் டிக், டிக். அப்போதுதான் சந்தேகம் கிளாக் பக்கம் திரும்பியது.

டிஜிட்டல் கருவி ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. நொடிக்கு 48,000 முறை அது தட்டும்; ஒவ்வொரு தட்டுக்கும் ஒலியின் ஓர் அளவீடு, அதாவது ஒரு சாம்பிள். என் பெட்டி தன் கடிகாரத்தில் ஓடியது, இன்டர்ஃபேஸ் தன்னுடையதில் ஓடியது. இரண்டுமே 48,000 என்றுதான் சொல்லிக்கொள்ளும், ஆனால் துளி வேறுபாடு இருக்கும். பத்து லட்சத்தில் பத்து பங்கு வேறுபாடு என்று வைத்தால், நொடிக்கு அரை சாம்பிள் அளவுக்கு ஒன்று மற்றொன்றை முந்திக்கொண்டே இருக்கும். இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒரு சாம்பிள் தவறும், அல்லது இருமுறை வரும். அதுதான் அந்த டிக். இன்டர்ஃபேஸின் அமைப்பில் கிளாக் மூலத்தை உள்ளிருந்து ஆடாட்டுக்கு மாற்றினேன். ஒரு சொடுக்கு. சத்தம் நின்றுவிட்டது. இப்படிச் செய்யும்போது ப்ரீஆம்ப் பெட்டி தலைமை, இன்டர்ஃபேஸ் அதைப் பின்தொடரும், கேபிள் ஒன்று போதும். இன்டர்ஃபேஸே தலைமையாக இருக்க வேண்டுமென்றால் அதிலிருந்து பெட்டிக்கு இன்னொரு ஒளிக்கேபிளோ, கடிகாரத் தட்டலை மட்டும் கொண்டுபோகும் வேர்ட் கிளாக் கேபிளோ போக வேண்டும். எதுவானாலும் ஒருவர்தான் தாளம் போட வேண்டும். அந்த இரண்டு மாலைகளும் பறிபோகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பத்தியை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதோடு தொடர்புடைய ஒரு நுணுக்கம். இன்டர்ஃபேஸின் சொந்த உள்ளீட்டில் வரும் ஒலியும் ஆடாட் வழி வரும் ஒலியும் கணினிக்குள் ஒரே கணத்தில் வந்து சேரும் என்று உறுதி இல்லை. ஒலியை எண்களாக மாற்றும் மாற்றிகள் இரண்டிலும் வேறு வேறு, சில சாம்பிள் முன்பின் இருக்கலாம். 48 சாம்பிள் ஒரு மில்லிசெகண்ட், அந்த நேரத்தில் ஒலி காற்றில் 34 சென்டிமீட்டர் போகும். பத்து சாம்பிள் பிந்தினால் மைக்கை 7 சென்டிமீட்டர் தள்ளி வைத்தது மாதிரி. அதனால் டிரம்ஸுக்கு மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக் இரண்டையும் எப்போதும் ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்துச் சேனலில் போடுகிறேன். இன்டர்ஃபேஸில் மிஞ்சும் இரண்டு உள்ளீட்டை வழிகாட்டிக் குரலுக்கும் தூர மைக்குக்கும் வைத்துக்கொள்கிறேன்.

காதால் ஒருமுறை

கணக்கு எல்லாம் சரி, காது என்ன சொல்கிறது என்ற கேள்வி மிஞ்சியது. மலிவான ப்ரீஆம்பை ஒரு சேனலில் கேட்டால் தெரியாது, எட்டு சேனல் சேர்ந்தால் அந்த மலிவு கூடிக்கூடித் தெரியும் என்பார்கள். நண்பர் ஒருவரிடமிருந்து விலையுயர்ந்த இரண்டு சேனல் ப்ரீஆம்பை ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்கினேன். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்பிளிட்டர் வழியாக ஒரே ஸ்னேர் மைக்கை இரண்டு ப்ரீஆம்புக்கும் அனுப்பினேன். ஒரே அடி, ஒரே நேரத்தில், இரண்டு பாதை. பிறகு இரண்டின் அளவையும் முடிந்தவரை சமமாக்கினேன். இதைச் செய்யாமல் ஒப்பிடுவது வீண் வேலை. துளி சத்தம் கூடிய பக்கம் எப்போதும் நன்றாக இருப்பதாகத்தான் காது சொல்லும். பெயர்களை மறைத்து வீட்டில் ஒருவரைக் கொண்டு மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டேன். ஸ்னேரில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கிக்கிலும் முடியவில்லை. ஓவர்ஹெட்டில் ஏதோ வித்தியாசம் இருப்பதாகத் தோன்றியது. திரும்பத் திரும்பக் கேட்டபோது என் விடைகள் பாதி சரி, பாதி தவறு.

பிறகு கெயினை ஏற்றி, சிவப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி ஓங்கி அடித்தேன். இப்போது யாருக்கும் தெரியும்படி இரண்டும் பிரிந்தன. விலையுயர்ந்தது மெல்ல வளைந்துகொடுத்தது. ஸ்னேர் கொஞ்சம் தடித்த மாதிரி, அழகாகக்கூட இருந்தது. என் எட்டு சேனல் பெட்டி சட்டென்று உடைந்தது. பெரிய விலையில் வாங்குவது எதை என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே நேரடிச் சான்று இதுதான்: உடையும் இடத்தில் எப்படி உடைகிறது என்பதை. அந்த இடத்துக்குப் போகாமல் வேலை செய்பவனுக்கு வேறுபாடு கிடைப்பதில்லை. 24 பிட்டில் பதிவு செய்யும்போது முழு அளவுக்கு 10, 12 டெசிபல் கீழே உச்சங்களை நிறுத்தினால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. நாடா காலத்தில் சூடாக, அதாவது அளவை நன்றாக ஏற்றி, பதிவு செய்ய வேண்டியிருந்தது, அந்தப் பழக்கம் இன்னும் பலர் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோதனை அடியை வைத்து கெயின் அமைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சோதனைக்கு ஒவ்வொன்றாக அடிக்கும் கை, பாட்டு தொடங்கியதும் வேறு கையாகிவிடும்.

இரவல் ப்ரீஆம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்ச முயற்சியை மைக் வைக்கும் இடத்தில் செலவழித்தேன். என் அறையின் கூரை தாழ்வானது. ஓவர்ஹெட் மைக் கூரைக்கு 30 சென்டிமீட்டர் கீழே நின்றால், நேராக வரும் ஒலிக்கும் கூரையில் பட்டுத் திரும்பும் ஒலிக்கும் பாதையில் 60 சென்டிமீட்டர் வரை வித்தியாசம் விழும். அப்போது 286 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். ஸ்னேரின் உடம்பு இருக்கும் இடத்துக்குப் பக்கம். எந்த ப்ரீஆம்பாலும் இதைத் திருத்த முடியாது. கூரையில் தடித்த பஞ்சுப் பலகை கட்டினேன், மைக்கை இறக்கினேன். 1960களின் கடைசியில் ராக் பதிவுகளைச் செய்த இங்கிலாந்துப் பொறியாளர் கிளின் ஜான்ஸ் பெயரால் அழைக்கப்படும் முறையில் ஓவர்ஹெட் இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு நூல் போதும். ஸ்னேரின் நடுவில் ஒரு முனையை அழுத்திக்கொண்டு, மறுமுனையை இந்த மைக்குக்கும் அந்த மைக்குக்கும் பிடித்துப் பார்ப்பது. அந்த முறைக்கு மைக் நான்கே போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எட்டு சேனல் இருப்பதால் எட்டையும் நிரப்ப வேண்டியதில்லை. ஸ்னேருக்கு அடியில் ஒரு மைக் வைத்தால் அதன் துருவத்தை (அலையின் மேல்கீழை) திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும், ஹை-ஹாட்டுக்குத் தனி மைக் வைத்து நான் அதைக் கலவையில் ஏற்றியதே இல்லை.

அவன் மறுபடி வந்தது ஒரு மாதம் கழித்து. அதே பாட்டு. கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, டாம்களுக்கு இரண்டு, மேலே இரண்டு, ஆக ஆறு மைக். ஸ்னேர் சேனலின் குமிழ் கால்வாசித் திருப்பத்தில் நின்றது, தேவைப்பட்டால் குறைக்க இன்னும் இடம் இருந்தது. அவன் உட்கார்ந்தான், பெடலை இரண்டு முறை மிதித்துப் பார்த்தான், முதல் வாசிப்பைத் தொடங்கினான். நான் திரையைப் பார்த்தேன். கை அடங்கியே இருந்தது. போன முறை நான் சொன்னது அவன் கைக்குள் அப்படியே தங்கியிருந்தது. பாதியில் நிறுத்தச் சொல்லி, ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னைக்கு உன் கையில ஒண்ணுமில்லப்பா. என் பக்கம்தான் தப்பு. நீ எப்பவும் எப்படி அடிப்பியோ அப்படி அடி."

"விளக்கு எரிஞ்சா?"

"எரிஞ்சா நான் பாத்துக்கிறேன்."

மூன்றாவது வாசிப்பில்தான் கை முழுசாகத் திறந்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் டாம் சுற்றி வந்து ஸ்னேரில் விழுகிற ஓர் இடம் உண்டு. போன முறை அந்த இடத்தில்தான் விளக்கு விடாமல் எரிந்தது. இந்த முறை மீட்டர் −9 வரை ஏறி இறங்கியது. அந்த வாசிப்பைத்தான் வைத்துக்கொண்டோம். பெட்டியின் ஏழாவது, எட்டாவது சேனல்கள் அன்று காலியாகவே கிடந்தன. அடுத்த முறை அவன் வரும்போது கதவைத் திறந்துவிட்டு, வெளித்தாழ்வாரத்தில் ஒரு மைக் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.